அரபுத் திருச்சபைக்கு ஆசிரியர் யார்?

ஆண்டுதோறும் புனித வெள்ளியன்று நம் ஆலயங்களில் திருநாட்டுக்கெனக் காணிக்கை பெறப்படுகிறது. சுற்றறிக்கையை வாசிக்கிறோம், மக்கள் மனமுவந்து தருகிறார்கள், தொகை ஆயர் இல்லம் போய்ச் சேர்கிறது. அத்துடன் நம் கடமை தீர்ந்தது. நம் அக்கறையும் அத்துடன் தீர்ந்துவிடுகிறது என்பதே வருத்தம். அப்பணத்தில் ஒரு பகுதி அந்நாடுகளின் குருமாணவரை உருவாக்கவும் செலவாகிறது என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? அக்குருமாணவர் எம்மொழியில் இறையியல் கற்கிறார், யாருடைய நூலைக் கற்கிறார், கற்று முடித்தபின் எங்கே போகிறார் என்று என்றேனும் கேட்டதுண்டா?

அண்மையில் குருக்கள் சிலர் கூடியிருந்த இடத்தில் இக்கேள்வியை எழுப்பினோம். நன்கு கற்ற நண்பர் ஒருவர் உடனே மறுமொழி கூறினார்: "அங்கே இனி என்ன இருக்கிறது? இஸ்லாம் வந்தபோதே எல்லாம் முடிந்துவிட்டது. எஞ்சியிருப்பவர்களும் மூட்டை கட்டுகிறார்கள். கெட்டிக்கார இளைஞர் நாலு பேரை உரோமைக்கு அழைத்துப் படிக்க வைப்பதுதான் நாம் செய்யக்கூடிய உதவி." சுற்றியிருந்தோர் தலையசைத்தனர். அத்தலையசைப்பே இக்கட்டுரைக்குக் காரணம். அவ்விரு வாக்கியங்களுமே தவறு என்பது நம் துணிபு. முன்னது வரலாற்றுக்குச் செய்யும் அநீதி. பின்னது, நல்லெண்ணத்தில் பிறந்ததாயினும், நோயாளிக்கு நோயையே மருந்தாகக் கொடுப்பது.

நண்பரை மட்டும் குறைகூறிப் பயனில்லை. நாமும் அதே பாடத்தைக் கற்றவர்கள்தாம். குருமடத்தில் திருச்சபை வரலாறு படித்த நாள்களில் அலெக்சாந்திரியாவும் அந்தியோக்கியாவும் நமக்கு நெருங்கிய ஊர்களாயிருந்தன. ஒரிகனையும் பொன்வாய் அருளப்பரையும் தேர்வுக்காக மனப்பாடம் செய்தோம். ஏழாம் நூற்றாண்டு வந்ததும் பாடநூல் கப்பலேறி ஐரோப்பா போய்விட்டது. பிறகு அப்பக்கம் திரும்பவேயில்லை. சிலுவைப் போர் நடந்தபோது மட்டும் ஒருமுறை எட்டிப் பார்த்தது, அதுவும் படைவீரர்களோடு. அந்த மண்ணில் தலைமுறை தலைமுறையாகச் செபித்தும் சிந்தித்தும் வந்த மக்கள் என்ன ஆனார்கள் என்று ஆசிரியர் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை. பெந்தக்கோஸ்து நாளில் எருசலேமில் தம் மொழியில் நற்செய்தியைக் கேட்டோர் பட்டியலில் அரபியரும் உண்டு என்பதை ஆண்டுக்கொரு முறை வாசித்துவிட்டு மறந்துவிடுகிறோம்.

அம்மக்கள் என்ன செய்தார்கள் என்பதைச் சற்று விரித்துரைக்க வேண்டும். அரபு ஆட்சியின் மொழியான பிறகு அவர்கள் அம்மொழியையே தம் இறையியலின் மொழியாக்கிக் கொண்டனர். எட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கிழக்குத் திருச்சபையின் மறைமுதுவர் முதலாம் திமொத்தேயு, பாக்தாதில் கலீபா அல்-மஹ்தியின் அவையில் அமர்ந்து மூவொரு இறைவனைப் பற்றிய கேள்விகளுக்கு விடையளித்தார். அவ்வுரையாடலை அவர் முதலில் சிரியாக்கில் எழுதினார். பின்னர் அது அரபியிலும் பரவிற்று. ஹாரான் நகரின் ஆயர் தியடோர் அபூ குர்ரா, அரபியிலேயே இறையியல் எழுதிய முன்னோடிகளுள் ஒருவர். திருவுருவ வணக்கத்தைத் தற்காத்து அவர் எழுதிய நூல் இன்றும் கிடைக்கிறது. கிரேக்க மருத்துவத்தையும் மெய்யியலையும் மொழிபெயர்த்து அரபு உலகுக்கு அளித்த ஹுனைன் இப்னு இஷாக்கும் கிறித்தவரே.

இவர்களுள் நம் மனத்தை மிகவும் கவர்ந்தவர் யஹ்யா இப்னு அதீ. 893 இல் பிறந்து 974 இல் மறைந்தவர், தக்ரித் ஊரினர், சிரிய மரபுக் கிறித்தவர். அவருடைய ஆசிரியர் இருவர். ஒருவர் கிழக்குத் திருச்சபையைச் சேர்ந்த மத்தா இப்னு யூனுஸ். மற்றவர் இஸ்லாமியப் பேரறிஞர் அல்-பாராபி. யஹ்யாவின் மாணவரிடையேயும் கிறித்தவரும் இஸ்லாமியரும் கலந்திருந்தனர். அவருக்கு முந்திய நூற்றாண்டில் அபூ ஈசா அல்-வர்ராக் என்னும் சிந்தனையாளர், மூவொருமைக் கொள்கையையும் இறைமகன் மனிதரானதையும் கூர்மையாக மறுத்து நூலொன்று இயற்றியிருந்தார். அதற்கு யஹ்யா மறுப்பெழுதினார். எப்படி எழுதினார் என்பதே வியப்பு. எதிராளியின் நூலைப் பகுதி பகுதியாக எடுத்தெழுதி, ஒவ்வொன்றின் கீழும் தம் விடையை வைத்தார். அல்-வர்ராக்கின் மூலநூல் தனியே நமக்குக் கிடைக்கவில்லை. யஹ்யாவின் மறுப்புக்குள்ளே அது பிழைத்திருக்கிறது. தன் நம்பிக்கையை மறுத்தவரின் சொல்லைச் சிதைக்காமல் காத்தவர் ஒரு கிறித்தவ இறையியலார்! நம்மிடையே மறுப்பு எழுதுகிறவர்கள் எதிராளியின் நூலைத் திறந்தாவது பார்க்கிறார்களா என்பது வேறு கதை.

ஆகவே 'எல்லாம் முடிந்துவிட்டது' என்பது பொய். முடிந்தது நம் பாடநூல்தான்.

அப்படியானால் அந்தச் செல்வம் இன்று அரபுக் குருமடங்களில் ஓங்கி ஒலிக்க வேண்டுமல்லவா? ஒலிக்கவில்லை, ஒலித்தாலும் மெல்லவே ஒலிக்கிறது. இதற்குப் போரையும் ஒடுக்குமுறையையும் மட்டும் காரணமாகக் காட்டிவிட்டு நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. 1584 இல் திருத்தந்தை பதின்மூன்றாம் கிரகோரி உரோமையில் மாரோனியக் கல்லூரியை நிறுவினார். பெரும் அறிஞர்கள் அங்கே உருவானார்கள். அதை மறுப்பது நன்றி கொன்றதாகும். ஆனால் அன்று முதல் ஒரு வழக்கம் வேரூன்றியது. அறிவு வேண்டுமானால் கடல் கடந்து மேற்கே போக வேண்டும். திரும்பி வருகிறவன் மேற்கின் நூலோடு வருவான். 1875 இல் இயேசு சபையினர் பெய்ரூத்தில் புனித யோசேப்பு பல்கலைக்கழகத்தை நிறுவியபோது பிரெஞ்சு மொழியே அதன் தூணாயிற்று. மோசூலில் 1878 இல் தொமினிக்கன் சபையினர் தொடங்கிய குருமடத்திலும் பிரெஞ்சுப் பண்பாடே கோலோச்சியது. அமெரிக்கப் பிரிவினைச் சபையார் ஆங்கிலத்தைக் கொண்டுவந்தனர். இவர்கள் அரபிக்குச் செய்த தொண்டும் சிறிதன்று. 1865 இல் முழுமை பெற்ற அரபு விவிலியமும், 1898 இல் லூயி ஷெய்கோ அடிகள் தொடங்கிய 'அல்-மஷ்ரிக்' இதழும் அதற்குச் சான்று. ஆயினும் வகுப்பறையில் சிந்தனையின் மொழி வேறு, வீதியில் வாழ்வின் மொழி வேறு என்ற பிளவு நிலைபெற்றுவிட்டது.

இப்பிளவின் ஆழத்தைக் காட்ட ஒரு நிகழ்ச்சி போதும். இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில், 1962 இல், மெல்கித் மறைமுதுவர் நான்காம் மாக்சிமோஸ் சாயெக் இலத்தீனில் பேச மறுத்தார். இலத்தீன் திருச்சபை முழுவதன் மொழியன்று என்பது அவர் வாதம். கீழைத் திருச்சபைகளின் மானத்தை அன்று காத்த அப்பெருமகனை நாம் வணங்குகிறோம். ஆனால் இலத்தீனை மறுத்து அவர் எம்மொழியில் பேசினார்? பிரெஞ்சில்! அவருடைய மக்கள் பன்னெடுங் காலமாகத் திருவழிபாட்டையே அரபியில் நடத்தி வந்தவர்கள். அப்படியிருந்தும் உலகத் திருச்சபையின் அவையில் அரபிக்கு இருக்கை இல்லை. அரபுக் கிறித்தவ இலக்கியத்தின் பெருவரலாறு 1944 முதல் 1953 வரை ஐந்து தொகுதிகளாக வத்திக்கானில் வெளிவந்தது. எழுதியவர் கியோர்க் கிராப் என்னும் அறிஞர். எழுதிய மொழி ஜெர்மன். தன் பாட்டனின் சொத்துக் கணக்கைப் பார்க்க அரபு இளைஞன் ஜெர்மன் கற்க வேண்டியதாயிற்று.

மாறாக, சொந்த மொழியில் கற்பித்தால் என்ன நிகழும் என்பதற்கு எகிப்து சாட்சி. 1893 இல் கெய்ரோவில் கோப்துத் திருச்சபை குருத்துவக் கல்லூரியைத் தொடங்கியபோது சமயம் கற்பிக்கத் தக்க ஆசிரியரே அரிது. அங்கே மாணவராயிருந்த ஹபீப் கிர்கிஸ் பின்னர் ஆசிரியராகி, 1918 இல் முதல்வரானார். பொதுநிலையினரான இவர் அரபியில் எளிய மறைக்கல்வி நூல்களை எழுதி, ஞாயிறு மறைக்கல்வி இயக்கத்தைக் கட்டியெழுப்பினார். அவ்வியக்கத்தின் மடியில் வளர்ந்தவரே பின்னாளில் மறைமுதுவரான மூன்றாம் ஷெனூதா. மருந்தகம் நடத்தி வந்த இளைஞர் ஒருவர் அதை விட்டொழித்து 1948 இல் துறவியானார். அவரே மத்தா அல்-மிஸ்கீன். பாலைவனத்தில் அமர்ந்து செபத்தைப் பற்றியும் திருநூலைப் பற்றியும் அவர் அரபியில் எழுதிக் குவித்தவை இன்றும் வாசிக்கப்படுகின்றன. இவ்விருவரும் பிற்காலத்தில் ஒருவரோடொருவர் முரண்பட்டார்கள் என்பது உண்மை. முரண்படுமளவுக்குச் சிந்தனை அங்கே உயிரோடிருந்தது என்று நாம் அதைக் கொள்கிறோம். அரபு உலகில் பெருந்திரளான கிறித்தவ மக்கள் இன்றும் எகிப்தில்தான் வாழ்கிறார்கள். இதற்கு எத்தனையோ காரணங்கள் இருக்கலாம். மக்களின் மொழியில் நிகழ்ந்த மறைக்கல்வி அவற்றுள் ஒன்றென்று நாம் துணிந்து கூறுவோம்.

போரைப் பற்றிப் பேசாமல் இப்பொருளைப் பேச முடியாது. பாக்தாதின் தெற்கே தோரா என்னும் பகுதியில் 1991 இல், பொருளாதாரத் தடை ஈராக்கை நெரித்துக்கொண்டிருந்த வேளையில், கல்தேயத் திருச்சபை பாபேல் கல்லூரியைத் திறந்தது. மெய்யியலும் இறையியலும் கற்பித்த அக்கல்லூரியில் பல்வேறு திருச்சபையினரும், பொதுநிலையினரும் சேர்ந்து பயின்றனர். வறுமைக்கு நடுவே இப்படி ஒரு வீட்டைக் கட்டியவர்களின் துணிவை எண்ணிப் பாருங்கள். 2003 இல் அமெரிக்கப் படையெடுப்பு. தொடர்ந்து கொலை, ஆள்கடத்தல், ஆலயங்களில் குண்டுவெடிப்பு. தோராவில் கல்லூரி நடத்துவது இயலாததாயிற்று. 2007 சனவரியில் அது வடக்கே எர்பிலை அடுத்த அங்காவாவுக்கு இடம்பெயர்ந்தது. காலியான கட்டடத்தை அவ்வாண்டே அமெரிக்கப் படையினர் தம் முகாமாக்கிக் கொண்டனர். கல்தேய மறைமுதுவர் இதைக் கண்டித்தார். தீவிரவாதிகள் விரட்டினார்கள் என்பதை எல்லாரும் எழுதினர். விரட்டப்பட்டவர்களின் வகுப்பறையில் யார் துப்பாக்கியோடு குடியேறினார் என்பதைச் சிலரே எழுதினர். மேற்கின் படை கிறித்தவர்களைக் காக்கும் என்று நம் ஊரிலும் நம்புகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

2014 சூனில் மோசூல் வீழ்ந்தது. சூலையில் கிறித்தவர் அந்நகரினின்று துரத்தப்பட்டனர். ஆகஸ்டு தொடக்கத்தில் கராகோஷ் ஊரும் காலியாயிற்று. அந்நாள்களில் தொமினிக்கன் துறவி நஜீப் மிகாயேல், மோசூலிலிருந்து முன்பே கராகோஷுக்குக் கொண்டுவந்து காத்திருந்த பழஞ்சுவடிகளை வண்டியேற்றி எர்பில் கொண்டு சேர்த்தார். மக்கள் உயிருக்கு ஓடும்போது சுவடி எதற்கு என்று கேட்பார் உளர். அவரோ இரண்டையும் காக்க வேண்டுமென எண்ணினார். 2019 இல் அவரே மோசூலின் கல்தேயப் பேராயரானார். ஓடிய மக்களில் எல்லாரும் திரும்பவில்லை. 2003 க்கு முன் பத்து இலட்சத்தைத் தாண்டியிருந்ததாக மதிப்பிடப்படும் ஈராக்கியக் கிறித்தவருள் இன்று நான்கிலொரு பங்கும் நாட்டில் இல்லை என்பர்.

மற்ற இடங்களின் நிலையைச் சுருக்கமாகவே சொல்வோம். பெத்லகேமை அடுத்த பெய்த் ஜாலாவிலுள்ள இலத்தீன் குருமடத்திற்கு யோர்தானிலிருந்து வரும் மாணவனின் படிப்பு, இஸ்ரயேல் தரும் அனுமதிச் சீட்டில் தொங்குகிறது. லெபனோனில் 2019 முதல் நாணய மதிப்பு நூற்றில் தொண்ணூறு பங்குக்கு மேல் கரைந்தது. பேராசிரியரின் ஊதியமும் அவ்வாறே. 2020 ஆகஸ்டு 4 அன்று பெய்ரூத் துறைமுகம் வெடித்தபோது, ஷெய்கோ அடிகளின் உழைப்பால் உருவான கீழைநாட்டு நூலகமும் சேதமுற்றது. சிரியாவில் 2013 ஏப்ரலில் அலெப்போ அருகே கடத்தப்பட்ட ஆயர்கள் யோவான் இப்ராகீமும் பவுல் யாசிகியும் திரும்பி வரவேயில்லை.

இப்போது உதவித்தொகைக்கு வருவோம். சிறந்த மாணவனைத் தேர்ந்தெடுத்து உரோமைக்கோ பாரிசுக்கோ அனுப்புகிறோம். ஆறேழு ஆண்டுகள் இத்தாலியத்தில் கற்று, பிரெஞ்சில் ஆய்வேடு எழுதுகிறான். அவன் ஆய்வுப்பொருள் பெரும்பாலும் அங்குள்ள பேராசிரியரின் ஆர்வத்தைப் பொறுத்தது. அதற்குள் அவன் குடும்பம் சுவீடனுக்கோ ஆஸ்திரேலியாவுக்கோ குடிபெயர்ந்திருக்கும். அங்கே புலம்பெயர்ந்தோர் பங்கு ஒன்று குருவுக்காகக் காத்திருக்கும். அவன் ஊரில் பேராசிரியர் இருக்கை காலியாகவே கிடக்கும். அவனைக் குற்றம் சொல்ல நமக்கு வாயில்லை. தமிழ்நாட்டின் சிற்றூர்ப் பங்குகளில் பணியாற்றத் தயங்கி வெளிநாட்டு மறைமாவட்டங்களை நாடும் நம் இளங்குருக்களை அறிந்த நாம், போர்முனையினின்று விலகியவனை எம்முகத்தோடு கண்டிப்பது? நம் வழக்கு அவன்மேல் அன்று. அவனைக் கொண்டுபோகும் ஏற்பாட்டின் மேல்தான்.

இங்கே நம் வாதத்துக்கு எதிராக நிற்கும் ஒரு முகத்தை நாம் மறைக்கக் கூடாது. மோசூலைச் சேர்ந்த ராகீத் கன்னி அடிகள் பொறியியல் கற்றவர். உரோமையில் இறையியல் பயின்று, திருச்சபை ஒன்றிப்பைத் தம் துறையாகக் கொண்டவர். அங்கேயே தங்கியிருக்கலாம், ஊர் திரும்பினார். 2007 சூன் 3 அன்று, திருப்பலி முடித்து வெளியே வந்தவரை, உடனிருந்த துணைத் திருத்தொண்டர் மூவரோடு சுட்டுக் கொன்றார்கள். 'அங்கேயே கற்பியுங்கள், அங்கேயே கற்றுக்கொள்ளுங்கள்' என்று பாதுகாப்பான பங்கு இல்லத்தில் அமர்ந்து எழுதும் நாம், அவர்களைச் சாகச் சொல்கிறோமா? இக்கேள்வி நம்மைப் பல இரவுகள் அலைக்கழித்தது. யாரையும் தங்கியிருக்கச் சொல்ல நமக்கு உரிமையில்லை என்பதே நம் முடிவு. ஆனால் தங்கியிருப்பவர்கள் இருக்கிறார்கள். அங்காவாவில் வகுப்புகள் நடந்தன. பெய்ரூத்தில் உடைந்த கண்ணாடியைக் கூட்டிவிட்டுப் பாடம் தொடர்ந்தது. அவர்களுக்கு நூலும் ஆசிரியரும் கிடைக்கச் செய்வதை விடுத்து, 'நீங்களும் புறப்பட்டு வாருங்கள்' என்று வானூர்திச் சீட்டை நீட்டுவதற்குத்தான் நமக்கு உரிமையில்லை.

அங்குள்ள திருச்சபைத் தலைவர்களிடமும் ஒரு சொல். பழம்பெரும் அந்தியோக்கியாவின் பெயரால் இன்று மறைமுதுவர் ஐவர் உள்ளனர். ஒருவரும் அந்தியோக்கியாவில் இல்லை. அரபு நாடுகளில் கத்தோலிக்கத் திருச்சபைகள் மட்டும் ஏழு. ஒவ்வொன்றுக்கும் தனி மரபு, தனி வழிபாடு. அவை செல்வங்களே, கரையக் கூடாதவை. ஆயினும் கைவிரல் விட்டு எண்ணத்தக்க மாணவருக்காகத் தனித்தனிக் குருமடம், தனித்தனி நூலகம் வைத்துக்கொண்டு எத்தனை நாள் தாங்க முடியும்? 1973 இல் திருத்தந்தை ஆறாம் பவுலும் ஷெனூதாவும், 1994 இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுலும் கிழக்குத் திருச்சபையின் மார் டின்காவும், கிறிஸ்துவைப் பற்றிய பொது அறிக்கையில் கையெழுத்திட்டனர். ஆயிரத்தைந்நூறு ஆண்டுப் பிணக்கையே பேசித் தீர்க்க முடிந்தவர்களால் ஒரு நூலகத்தைப் பகிர்ந்துகொள்ள முடியாதா? பாபேல் கல்லூரி இதற்கு வழிகாட்டியிருக்கிறது.

இஸ்லாமியரோடு உரையாடல் என்பது இன்று மாநாடுகளின் பேச்சாகிவிட்டது. 2019 பெப்ருவரியில் அபுதாபியில் திருத்தந்தை பிரான்சிசும் அல்-அசார் பெரிய இமாமும் மனித உடன்பிறப்புநிலை ஆவணத்தில் கையெழுத்திட்டதை நாம் மகிழ்ந்து வரவேற்றோம். ஆனால் அவ்வுரையாடலை நாளும் நடத்த வேண்டியவர்கள் யார்? அண்டை வீட்டு இஸ்லாமியரின் சொற்களிலேயே கடவுளைப் பேசுகிறவர்கள்; இறைவனை 'அல்லாஹ்' என்றே அழைத்துச் செபிக்கும் அரபுக் கிறித்தவர்கள். அவர்களுள் சிலர் தம்மை அரபியர் என்றழைப்பதை விரும்புவதில்லை. அசீரியர் என்றும் கோப்தியர் என்றும் சொல்வர். அது அவர்கள் உரிமை. பெயர் எதுவாயினும், மூவொரு இறைவன் என்றால் மூன்று கடவுளரா என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்கும்போது அரபியில்தான் விடை சொல்ல வேண்டும். அவ்விடை யஹ்யாவிடம் இருக்கிறது. ஐரோப்பியப் பாடநூலில் இல்லை. ஏனெனில் அக்கேள்வியே அங்கு எழவில்லை. மதமாற்றம் பற்றிய சட்டங்களும் சமூக அச்சமும் பல நாடுகளில் இவ்வுரையாடலின் கழுத்தைப் பிடித்திருக்கின்றன என்பதையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். கலீபாவின் அவையில் திமொத்தேயுவுக்கு இருந்த நாவுரிமை இன்று எல்லா அரபு நாட்டிலும் ஒரு பங்குக் குருவுக்கு உண்டா என்பது ஐயமே.

நமக்கும் இதில் பங்குண்டு. வளைகுடா நாடுகளின் ஆலயங்களை இன்று நிரப்புகிறவர்கள் பிலிப்பைன்ஸ் மக்களும், கேரளத்தாரும், நம் தமிழருமே. நம் பங்குகளிலிருந்து எத்தனை குடும்பங்கள் துபாயிலும் குவைத்திலும் வாழ்கின்றன! அரபு மண்ணில் வாழ்ந்தும் அரபுத் திருச்சபையைப் பற்றி ஒரு சொல்லும் கேளாமல் ஊர் திரும்புகிறார்கள். அங்கே பணியாற்றச் செல்லும் நம் குருக்களாவது, புறப்படுமுன் ஓராண்டு அரபு கற்றுச் சென்றால் என்ன? நம் குருமடங்களின் வரலாற்றுப் பாடத்தில் ஏழாம் நூற்றாண்டுக்குப் பின் பத்து வகுப்புகளை அரபுக் கிறித்தவச் சிந்தனைக்கு ஒதுக்கினால் யார் தடுப்பார்? உதவித்தொகை தருவோர், ஒரு மாணவனை உரோமைக்கு அனுப்பும் செலவில் அங்காவாவிலோ பெய்ரூத்திலோ ஓர் ஆசிரியருக்கு எத்தனை ஆண்டு ஊதியம் தரலாம் என்று கணக்கிட்டுப் பார்க்கட்டும்.

நம் பங்கு இல்லங்களில் 'கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி' நூல் இருக்கிறது. 1992 இல் வெளிவந்தது. அதன் நான்காம் பகுதி செபத்தைப் பற்றியது. அதை வரைந்தவர் பெய்ரூத்தைச் சேர்ந்த மெல்கித் குரு ஜான் கோர்போன். பிறப்பால் பிரெஞ்சுக்காரர், அரபுத் திருச்சபையைத் தம் திருச்சபையாக வரித்துக்கொண்டு, அதைப் பற்றியே 1977 இல் நூலும் எழுதியவர். உள்நாட்டுப் போரில் குண்டுகள் விழுந்துகொண்டிருந்த பெய்ரூத்தில் அமர்ந்துதான் அப்பகுதியை எழுதினார். வரும் புனித வெள்ளியன்று சுற்றறிக்கையை வாசிக்குமுன் அப்பக்கங்களைத் திறந்து மக்களுக்குக் காட்டி, இது எங்கிருந்து வந்தது என்று சொல்லப் போகிறோம். தலையசைத்த நண்பரையும் அன்று நம் பங்குக்கு அழைத்திருக்கிறோம்.